காதுவில்லை எண் கட்டாயம்

இளையோர் நல்வாழ்வு இயக்ககம், திருநர் இளைஞர்களின் மனநலத்துக்காக இணையவழித் துணைத் திட்டம் ஒன்றைக் கொண்டுவர நினைத்தபோது முதலில் ஒரு குழுவை அமைத்தது. எட்டு மாதம் கூடிக் கூடிப் பேசிய அந்தக் குழு, இத்திட்டத்தில் திருநர் ஒருவராவது இருந்தால் நன்றாயிருக்கும் என்ற முடிவுக்கு வந்தது. இந்தக் கண்டுபிடிப்புக்காகக் குழுவினர் அனைவருக்கும் பாராட்டுச் சான்றிதழ் வழங்கப்பட்டது.

அப்படிக் கண்டுபிடிக்கப்பட்டவள்தான் கண்ணாடிக்காரி. தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். பெரிய தபால் ஆபீசுக்கு எதிரே உள்ள மூக்குக் கண்ணாடிக் கடையில் பதினோரு வருடமாக லென்ஸ் தேய்த்து, ஃப்ரேம் வளைத்து, கடுகளவு ஸ்க்ரூக்களை முறுக்கிக்கொண்டிருக்கிறாள். இயக்ககத்தின் ஒருங்கிணைப்பாளர் அம்மாள் அங்கே கண்ணாடி மாற்ற வந்தவர், அவளையே கால் மணி நேரம் பார்த்துவிட்டு மெல்ல ஆரம்பித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வந்து..."

"திருநங்கைதான் மேடம். அதை அப்புறம் பாத்துக்கலாம். காது பக்கம் அழுத்துதா, அதைச் சொல்லுங்க."

இளைஞர்களுக்கு 'வழித்துணை'யாக இருக்கக் கண்ணாடிக்காரி உடனே ஒத்துக்கொண்டாள். பதினெட்டு வயதில் அவளுக்குக் கேட்க நூறு கேள்வி இருந்தது. கேட்க ஓர் ஆள் இல்லை. அந்த ஆளாக யாருக்காவது நாம் இருக்கலாமே என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. ஆசைதானே, யாரை விட்டது.

பயிற்சி மூன்று நாள் நடந்தது. தலைப்பு, 'காது கொடுத்துக் கேட்கும் கலை'. பயிற்சியாளர் மூன்று நாளும் விடாமல் பேசினார். இரண்டாம் நாள் மதியம் கண்ணாடிக்காரி ஒரு சந்தேகம் கேட்கக் கையைத் தூக்கினாள். கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை என்று அவர் கனிவோடு சொன்னார். மூன்றாம் நாள் மாலை எல்லாரும் நன்றாகக் கேட்டார்கள் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் அவள் பெயர் இல்லை, 'வழித்துணை எண் 14' என்று இருந்தது. பாதுகாப்புக்காகவாம்.

பிறகு வாசகப் பட்டியல் வந்தது. வழித்துணைகள் இளைஞர்களோடு வாயால் பேசக் கூடாது. தோன்றியதைத் தட்டச்சு செய்யவும் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட அறுபது வாசகங்களில் ஒன்றை எண்ணால் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும்.

"ஏன் மேடம் இப்படி?" என்று கேட்டாள்.

ஒருங்கிணைப்பாளர் குரலைத் தாழ்த்தினார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "போன தடவை ஒரு வழித்துணை 'கவலைப்படாதே'ன்னு எழுதிட்டாரு. எந்த ஆதாரத்தின் அடிப்படையில கவலைப்பட வேண்டாம்னு சொன்னீங்கன்னு தணிக்கையில கேட்டுட்டாங்க. பதில் சொல்ல முடியலை. அதுலேருந்து பட்டியல்தான்."

பட்டியலில் வாசகம் 1, 'வணக்கம், நலமா?' வாசகம் 4, 'அன்புள்ள பயனாளியே.' வாசகம் 9, 'தங்கள் உணர்வு பதிவு செய்யப்பட்டது.' வாசகம் 31, 'தண்ணீர் நிறையக் குடிக்கவும்.' வாசகம் 58, 'அவசரநிலையில் தங்கள் வழித்துணையை அணுகவும்.' அறுபதையும் அவள் இரண்டு தடவை படித்தாள். லென்ஸ் அட்டையில்கூட இதைவிட ஆறுதலாக ஏதாவது எழுதியிருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

மென்பொருளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது கால்நடைக் காப்பீட்டுக்காகச் செய்யப்பட்டு, அங்கே மீந்துபோனது. நல்ல மென்பொருளை வீணாக்கக் கூடாதே என்று இயக்ககம் அதை எடுத்துக்கொண்டது. பெரும்பாலான இடங்களில் 'கால்நடை' என்பதை அழித்துவிட்டு 'பயனாளி' என்று போட்டார்கள். 'காளை, பசு' என்றிருந்த கட்டத்தை மூன்று கூட்டங்கள் நடத்தி 'ஆண், பெண், மற்றவை' என்று மாற்றினார்கள். ஒரே ஒரு கட்டத்தை மட்டும் மாற்றவே முடியவில்லை. அதை எடுத்தால் மொத்தமும் படுத்துவிடுகிறது என்று மென்பொருள்காரர் எழுதிக் கொடுத்துவிட்டார். எனவே பயனாளிகள் ஞாயிறு தவிர தினமும் காலையில் ஐந்து முகப் படங்களில் ஒன்றைத் தொட்டுத் தங்கள் மனநலத்தைத் தெரிவிக்க வேண்டும்; அதோடு, மாட்டின் காதில் மாட்டும் வில்லையின் எண்ணையும் தெரிவிக்க வேண்டும். 'காதுவில்லை எண்: கட்டாயம்' என்று சிவப்பில் இருக்கும். பதினைந்து எழுத்துக்கு மேல் ஏற்காது.

கண்ணாடிக்காரிக்கு ஒதுக்கப்பட்ட பயனாளியின் எண் 212. பதினெட்டு வயது, திருநம்பி, தொழில்நுட்பப் படிப்பு. பதிவு செய்யும்போது 212 தன்னை ஆண் என்று குறித்திருந்தான். ஆண்களுக்கு இத்திட்டத்தில் இடமில்லை என்று மென்பொருள் சொல்லிவிட்டது. 'பெண்' என்று குறிக்க அவன் மறுத்தான். கடைசியில், 'மற்றவை, சரிபார்ப்பு நிலுவையில்' என்று போட்டார்கள். தன்னை என்னவென்று அவன் பதினெட்டு வருடம் யோசித்துச் சரிபார்த்திருந்தான். நிலுவை இயக்ககத்தின் பக்கம்தான்.

முதல் நாள் அவள் திரையைத் திறந்தாள். 212 தொட்டிருந்தது நடுவில் இருக்கும் முகம், சிரிக்கவும் இல்லை அழவும் இல்லை. காதுவில்லைக் கட்டத்தில் எண் இல்லை, எழுத்து இருந்தது.

'நான் மாடு இல்ல.'

அவள் கடையிலேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். ஒரு வாடிக்கையாளர் தன் புது ஃப்ரேமைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று கோபித்துக்கொண்டு கழற்றி வைத்தார். மறுநாள் அதே கட்டத்தில், 'தம்பினு கூப்டுங்க' என்று இருந்தது. கூப்பிட அவளுக்குக் கொள்ளை ஆசை. பட்டியலில் 'தம்பி' இல்லை. வேறு வழியில்லாமல் வாசகம் 4-ஐ அனுப்பினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது: 'பயனாளியா? சரி.'

இப்படியாக அவர்கள் பழகினார்கள். அவன் நாளுக்குப் பதினைந்து எழுத்து பேசினான். அவள் வாரத்துக்கு ஒருமுறை, எண்களில் பேசினாள். அவனுக்கு மெஷின் டிராயிங் பிடிக்கும், கணக்கு வராது, ஒரு தங்கை உண்டு, முடியை வெட்டிக்கொண்டு வந்த அன்றிலிருந்து அம்மா பேசுவதில்லை என்பதெல்லாம் மாட்டுக் கட்டம் வழியாகவே அவளுக்குத் தெரிந்தது.

ஒரு வியாழக்கிழமை, 'அம்மா பேசி 22நாள்' என்று வந்தது. வெள்ளிக்கிழமை, 'உங்கம்மா பேசுனாங்களா?' சனிக்கிழமை, 'எத்தன நாள்ல?'

உலகத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் கண்ணாடிக்காரிதான். பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. பட்டியலை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் தேடினாள். அம்மா பற்றி அதில் ஒரு வாசகமும் இல்லை. ஒன்றும் அனுப்பாவிட்டால் தன்னைக் கைவிட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொள்வானோ என்று பயந்து 58-ஐ அனுப்பினாள்: அவசரநிலையில் தங்கள் வழித்துணையை அணுகவும். ஞாயிறு படிவம் கிடையாது. திங்கள் காலை இரண்டு வரிகள் ஒன்றாக வந்தன; அவன் படிவத்தை ஒருமுறை போட்டு, திருத்தி மறுபடி போட்டிருந்தான்.

'உங்களைத்தானே?'

'வெள்ளி 3மணி பஸ்.'

அந்த பஸ்ஸை அவள் அறிவாள். அவளும் ஒரு காலத்தில் அப்படி ஒன்றில் ஏறப் போனவள். யாரையும் தெரியாத ஊருக்குப் போகும் பஸ் எல்லா ஊரிலும் ஒன்று இருக்கும். அடுத்த திங்கள் அவனுக்குப் பரீட்சை வேறு. செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு இயக்ககத்துக்கு ஓடினாள்.

ஒருங்கிணைப்பாளர் விஷயத்தைக் கேட்டு முகம் வெளுத்து, அவளை இயக்குநரிடம் கூட்டிப்போனார். இயக்குநர் பொறுமைசாலி. எதையும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் நிராகரிப்பார்.

"ஒரு வரி போதும் சார். ஒரே ஒரு வரி அவனுக்கு எழுதணும்."

"தாராளமா எழுதலாம். புது வாசகத்துக்குப் படிவம் இருக்கு, மூணு பிரதி. வாசகக் குழு அடுத்த மாசம் முதல் வாரத்துல கூடுது."

"வெள்ளிக்கிழமை அவன் வீட்டை விட்டுப் போறான் சார்."

"வெள்ளிக்கிழமை நம்ம தொடக்க விழா. அன்னிக்கு நாப்பது பயனாளிகளும் இணைப்புல இருக்கணும்னு சுற்றறிக்கை போட்டாச்சு. யாரும் எங்கயும் போகக் கூடாது."

திட்டம் ஐந்து மாதமாக நடந்துகொண்டிருந்தது என்பது உண்மைதான். ஆனால் இன்னும் தொடங்கி வைக்கப்படவில்லை.

"சார், அவனே எழுதியிருக்கான். பாருங்க, காதுவில்லைக் கட்டத்துல."

இயக்குநர் திரையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பரிவோடு பார்த்தார். "அம்மா, அந்தக் கட்டத்தை நாங்க படிக்கறதில்லை. நிரம்பியிருக்கான்னு மட்டும்தான் பாப்போம். உங்களுக்கு ஒண்ணு சொல்றேன், கால்நடைத் துறையிலேயே அது எழுபது சதவீதம்தான் நிரம்புச்சு. நம்ம பிள்ளைங்க நூறு சதவீதம். இதைவிட மனநலத்துக்கு என்ன சாட்சி வேணும்?"

"அப்ப அவசரம்னா என்னதான் சார் செய்யறது?"

"வாசகம் 58 இருக்கே," என்றார் இயக்குநர்.

வெளியே வந்ததும் ஒருங்கிணைப்பாளர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன் விலாசம் எனக்கே தெரியாதும்மா. இளைஞர்களோட பாதுகாப்புக்காக அதை யாருக்கும் தெரியாத இடத்துல வச்சிருக்காங்க. எந்த இடம்னு யாருக்கும் தெரியாது." சொல்லிவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

புதன், வியாழன் இரண்டு நாளும் அவள் லென்ஸை மாற்றி மாற்றி மாட்டினாள். வலக்கண் நம்பர் இடக்கண்ணுக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை காலை காதுவில்லைக் கட்டத்தில், 'இன்னிக்கு 3மணி' என்று இருந்தது.

விழா பதினொரு மணிக்கு. மேடையில் ஒரு பெரிய திரை, அதில் நாற்பது சிறு சதுரங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். முகமோ குரலோ கிடையாது. திட்டத்தில் முதல்முறையாக ஒரு வழித்துணை பயனாளிகளோடு வாயால் பேசுவதைச் சிறப்பு விருந்தினர் காணப்போகிறார் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. கண்ணாடிக்காரிதான் அந்த வழித்துணை. பேசவேண்டியது வாசகம் 1.

பத்தரைக்கே சதுரங்கள் எல்லாம் வந்துவிட்டன. சுற்றறிக்கை அப்படி. 212-ம் இருந்தது. விருந்தினரை வரவேற்க இயக்குநர், ஒருங்கிணைப்பாளர், குழு எல்லாரும் கீழே வாசலுக்குப் போயிருந்தார்கள். கூடத்தில் மிச்சமிருந்தவர் மைக் போடுகிறவர் ஒருவர்தான்.

"மேடம், எதாச்சும் பேசுங்க. லெவல் பாக்கணும்."

"வணக்கம், நலமா."

"அது பத்தாது. ஒன் டூ த்ரீயும் வேணாம். சும்மா நீளமாப் பேசுங்க, எதுன்னாலும் சரி. மைக் டெஸ்ட்தானே, யாரு கவனிக்கப்போறா."

கண்ணாடிக்காரி அவரைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள்.

"இது அவங்களுக்குக் கேக்குமா?"

"நாப்பது பேருக்கும் கேக்கும். அதுக்குத்தானே டெஸ்ட்டு."

அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி," என்றாள். "தம்பி, நாலு வருஷம் ஆச்சு. எங்கம்மா எங்கிட்டப் பேச நாலு வருஷம். உனக்கு அவ்வளவு ஆகும்னு சொல்லலை, ஆகாதுன்னும் சொல்லத் தெரியலை. பொய் சொல்லக் கூடாதுல்ல. நானும் பஸ் ஏறத்தான் போனேன். அன்னிக்கு பஸ் ரிப்பேர், வரலை. அவ்வளவுதான், பெரிய வைராக்கியமெல்லாம் இல்லை. அழுதுகிட்டே திரும்பி வந்தேன், வீட்டுக்கு இல்ல, தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க வீட்டுக்கு. அங்க இருந்துதான் தொழில் கத்துக்கிட்டேன். பெரிய தபால் ஆபீஸ் எதிர்ல கண்ணாடிக் கடை. நாலாவது வருஷம் ஒருநாள் நிமிந்து பாக்கறேன், அம்மா நிக்கறாங்க. எழுத்து சரியாத் தெரியலையாம். நான் யாருன்னே தெரியாத மாதிரி..." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அவங்க மகன்னு ஒருத்தனைத் தேடி வந்தாங்களோ என்னவோ, வந்து நாற்காலியில உக்காந்தாங்க. நான் லென்ஸை மாத்தி மாத்திப் போட்டு, 'இதுல தெளிவா இருக்கா, அதுலயா?'ன்னு கேட்டேன். 'இதுல'ன்னாங்க. நாலு வருஷத்துல அதான் முதல் வார்த்தை."

மைக்காரர் குமிழைத் திருகுவதை நிறுத்திவிட்டிருந்தார்.

"பத்து நாள் கழிச்சு ஸ்க்ரூ கழண்டுபோச்சுன்னு வந்தாங்க. மாட்டி விட்டேன். அடுத்த வாரம் மறுபடியும். அப்புறம் மறுபடியும். நான் போடற ஸ்க்ரூ கழலாதே, எனக்கே அவமானமாப் போச்சு. அஞ்சாவது தடவைதான் உத்துப் பாத்தேன், ஸ்க்ரூ தலையில கீறல் கீறலா இருக்கு. கத்தி முனையால இவங்களே திருகிக் கழட்டிக்கிட்டு வர்றாங்க."

கீழே வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் நிறுத்தினாள்.

"இன்னும் கொஞ்சம் பேசுங்க மேடம்," என்றார் மைக்காரர். "லெவல் செட் ஆகலை." லெவல் எப்போதோ செட் ஆகிவிட்டிருந்தது.

"அதனால சொல்றேன் தம்பி. வீட்ல இருக்க முடிஞ்சா இரு. முடியலைன்னா தெரிஞ்சவங்க வீட்டுக்குப் போ, வாத்தியார் வீட்டுக்குப் போ, இங்க வா. ஆனா பரீட்சையை எழுதிட்டுப் போ. அந்த மூணு மணி பஸ்ல மட்டும் ஏறிடாதே. நீ எங்க இருக்கேன்னே தெரியலைன்னா, உங்கம்மா ஸ்க்ரூவைக் கழட்டிக்கிட்டு எங்கன்னு வருவாங்க?"

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. மைக்காரர் பொத்தானை அமுக்கிவிட்டு, "ஓகே மேடம்," என்றார்.

விழா சிறப்பாக நடந்தது. இயக்குநர், "சகோதரர்களே, சகோதரிகளே," என்று தொடங்கி, கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து, "மற்றும் சரிபார்ப்பு நிலுவையில் உள்ளவர்களே," என்றார். "இந்தத் திட்டத்தில் இதுவரை ஒரு புகார்கூட வரவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். புகார்ப் பகுதி அடுத்த ஆண்டு திறக்கப்படும். எங்கள் வழித்துணைகள் ஒருபோதும் சொந்தக் கருத்தைச் சொல்வதில்லை. சொந்த அனுபவத்தையும் சொல்வதில்லை. ஆகவேதான் அனுபவம் உள்ளவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம்." பலத்த கைதட்டல் எழுந்தது. பிறகு கண்ணாடிக்காரி எழுந்து வாசகம் 1-ஐச் சொன்னாள். விருந்தினர் நெகிழ்ந்துபோனார்.

மணி மூன்றானபோது அவள் கடையில் இருந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை.

சனிக்கிழமை காலை முப்பத்தொன்பது பேரின் கட்டம் நிரம்பியிருந்தது. 212-இன் கட்டம் காலி. முகமும் இல்லை, காதுவில்லையும் இல்லை. அவள் திரையைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தாள். போய்விட்டான் என்று நினைத்தாள். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

திங்கட்கிழமை அவள் கணக்கு முடக்கப்பட்டிருந்தது. குறிப்பாணை ஒன்று வந்தது: 'ஒலிவாங்கிப் பரிசோதனைக்கு அங்கீகரிக்கப்பட்ட வாசகம் 'ஒன்று, இரண்டு, மூன்று' ஆகும். தாங்கள் அனுமதியின்றி நான்கு நிமிடம் பரிசோதித்துள்ளீர்கள். நூறு சதவீதமாக இருந்த காதுவில்லை நிரப்பு விகிதம் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட பயனாளியால் தொண்ணூற்றேழரையாகக் குறைந்துள்ளது. விளக்கம் தரவும்.' அவள் விளக்கம் தரவில்லை. வழித்துணை எண் 14 பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 212-ஐப் பற்றி ஆண்டறிக்கையில் ஒரு வரி வந்தது: 'பயன்பெற்று வெளியேறினார்.'

இரண்டு வாரம் கழித்து ஒரு மதியம். கடையில் கூட்டமில்லை. முடியை ஒட்ட வெட்டி, அளவு பெரிதான சட்டை போட்ட ஒரு பையன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, கண்ணாடிகளைப் பார்ப்பதுபோல் நின்றான். பிறகு மேசைக்கு வந்து, காகிதத்தில் சுற்றிய ஒன்றை வைத்தான். பெண்கள் போடும் ஒரு பழைய ஃப்ரேம். காதுக் கம்பி ஒன்று தனியே கிடந்தது. ஸ்க்ரூ தனியாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"ஸ்க்ரூ கழண்டுபோச்சுக்கா," என்றான்.

"யாரோட கண்ணாடி?"

"அம்மாவோடது."

"எந்த ஊர்லேருந்து வர்றீங்க?"

"பஸ்ல மூணு மணி நேரம்."

"ஒரு ஸ்க்ரூவுக்கா? உங்க ஊர்ல கண்ணாடிக் கடை இல்லையா?"

"மூணு இருக்குக்கா." அவன் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அன்னிக்கு நான் போனை ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். நீங்க பேசினது சமையல் ரூம் வரைக்கும் கேட்டுடுச்சு. அம்மா வந்து போனைப் புடுங்கி வச்சுக்கிட்டாங்க. வாசக் கதவையும் பூட்டிட்டாங்க. அதான் படிவம் போட முடியலை. திங்கக்கிழமை கதவைத் திறந்துவிட்டாங்க, பரீட்சைக்கு."

கண்ணாடிக்காரி உட்கார்ந்துவிட்டாள். "அம்மா பேசினாங்களா?"

"இன்னும் இல்லை. நாப்பத்தாறு நாள்." அவன் மூக்கைத் தேய்த்தான். "நேத்து தங்கச்சிகிட்ட சொன்னாங்க, எனக்குக் கேக்கற மாதிரி. கண்ணாடி உடைஞ்சுபோச்சு, பெரிய தபால் ஆபீஸ் எதிர்ல ஒரு கடை இருக்காமே, அங்க குடுத்தாதான் சரியா மாட்டுவாங்களாம்னு."

அவள் விளக்கை இழுத்து, ஸ்க்ரூவைச் சிறு இடுக்கியால் எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தாள். தலையில் குறுக்கும் நெடுக்குமாகப் புதுக் கீறல்கள். பழக்கமில்லாத கை, கத்தி இரண்டு மூன்று தடவை வழுக்கியிருக்கிறது.

"அவங்க வரலையா?"

"வெளிய நிக்கறாங்க. கண்ணாடி இல்லாம படி ஏற மாட்டாங்களாம்."

கதவுக் கண்ணாடி வழியே பார்த்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம், தபால் பெட்டியருகே ஓர் அம்மாள் கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு, கடையின் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் நின்றிருந்தார்.

கண்ணாடிக்காரி கம்பியைப் பொருத்தி, புது ஸ்க்ரூ ஒன்றை இட்டு முறுக்கினாள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாகக் கடைசிச் சுற்றை முறுக்காமல் விட்டாள். துடைத்து அவன் கையில் கொடுத்தாள்.

"தம்பி, இது பத்து நாள்தான் தாங்கும். மறுபடி கழண்டுடும். அப்ப அம்மாவையும் கூட்டிக்கிட்டு வரணும், அளவு பாக்கணும்னு சொல்லு."